கையில் வந்த பணம் கத்தரிக்கோலாகட்டும்!



"மாசம் ஆயிரம் ரூபாயை வச்சுக்கிட்டு என்னத்த தொழில் பண்றது? ஒரு வாரக் காய்கறிக்கே காணாது!" ரேஷன் கடை வரிசையிலும் பஸ் நிறுத்தத்திலும் இந்தப் பேச்சு காதில் விழாத நாளில்லை. பேசுகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற குடும்பத் தலைவிகள்தான்.

என் கருத்து வேறு. ஆயிரம் ரூபாயில் தொழில் தொடங்க முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆகிறதே, அதில் தொடங்கலாம். குறிப்பாக, வீட்டு முன்னறையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முடி வெட்டிவிடும் சிறு தொழிலைத் தாராளமாகத் தொடங்கலாம். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பணம் வீட்டுச் செலவோடு கலந்துவிடக் கூடாது. நம் வீடுகளில் இதுதான் நடக்காத காரியம். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

2023 செப்டம்பர் 15-ம் தேதி காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது, சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். கடன் இல்லை, வட்டி இல்லை, ஜாமீன் இல்லை. நேராகப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே வந்தது. வீட்டில் பெண்கள் செய்கிற சம்பளமில்லாத வேலைக்கு மதிப்பளிக்கிற தொகை என்பதால்தான் 'உதவி' என்று சொல்லாமல் 'உரிமை' என்று பேர் வைத்ததாகவும் சொன்னார்கள். திட்டங்களின் பேரும் தொகையும் காலத்துக்குக் காலம் மாறும். ஆனால் பெண் கையில் ரொக்கமாக வருகிற எந்தப் பணத்துக்கும் நான் சொல்வது பொருந்தும். அரசு தந்தாலும் சரி, தொண்டு நிறுவனம் தந்தாலும் சரி, அம்மா வீட்டில் தந்தாலும் சரி.

வந்த பணம் எங்கே போகிறது? கேஸ் சிலிண்டர், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், மாமனாரின் மாத்திரை, கரண்ட் பில். இதை நான் குறை சொல்லவில்லை. அரிசி இல்லாத வீட்டில் அரிசிதான் முதலில். ஆனால் கணவர் சம்பளத்தில் எப்படியோ வண்டி ஓடிக்கொண்டிருந்த வீடுகளில்கூட, இந்தப் பணம் வந்த பிறகு, அதுவரை அவர் கொடுத்து வந்த செலவுப் பணத்தில் ஆயிரம் குறைந்துபோன கதை எத்தனை! "உனக்குத்தான் கவர்மென்ட்டு குடுக்குதே" என்று ஒரு வார்த்தை. பணம் வந்தது நமக்கு, மிச்சமானது அவருக்கு. இது எந்த ஊர் நியாயம்?

சரி, தொழில் என்றால் ஏன் முடி வெட்டும் தொழில்? கடந்த பதினாலு வருஷமாக வீட்டு முன்னறையில் இந்த வேலையைச் செய்து வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முடி மாதாமாதம் வளரும். ஒரு தரம் வந்தவர், வேலை பிடித்திருந்தால், இரண்டு மாதத்தில் மறுபடி வருவார். புடவை வியாபாரம் மாதிரி முதலை முடக்கி வைத்துக்கொண்டு, கடனுக்குக் கொடுத்துவிட்டு, தெருத் தெருவாக வசூலுக்கு அலைய வேண்டாம். மாவு வியாபாரம் மாதிரி விற்காவிட்டால் புளித்துப்போகும் என்ற பயமும் இல்லை. தையலுக்கு ஏற்கெனவே தெருவுக்கு மூன்று பேர் இருக்கிறார்கள்; போதாததற்கு ரெடிமேட் வேறு. சிறு ஊர்களில் பெண்கள் ஆண்களின் சலூனுக்குப் போவதில்லை. டவுன் பார்லருக்குப் போக நேரமும் இல்லை, துணையும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், நுனி பிளந்த முடியை வெட்ட வேண்டிய கல்லூரிப் பெண்கள், பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டி நிற்கிற இளம் தாய்மார்கள், படி இறங்க முடியாத பாட்டிமார்கள் என்று இத்தனை பேர் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

முதலீடு என்ன ஆகும்? நல்ல முடி வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அதைக் கொண்டு துணியோ காகிதமோ பிளாஸ்டிக் கவரோ வீட்டில் யாரும் வெட்டிவிடாமல் பூட்டி வையுங்கள். முடியின் அடர்த்தியைக் குறைக்கிற பல் வைத்த கத்தரிக்கோல் ஒன்று. வால் சீப்பு, அகலப் பல் சீப்பு, ஒரு டஜன் கிளிப், தண்ணீர் தெளிக்கிற பாட்டில், கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற துணி இரண்டு, துண்டு ஆறு, ஹேர் டிரையர் ஒன்று, சுவரில் மாட்ட ஒரு கண்ணாடி. புருவம் எடுக்கத் தெரிந்தால் அதற்கு ஒரு நூல்கண்டு போதும். நாலு கடை விசாரித்து வாங்கினால் பன்னிரண்டாயிரத்துக்குள் அடங்கிவிடும். சுற்றுகிற நாற்காலி, கலர் கலராக போர்டு, ஏசி இதெல்லாம் முதல் வருடம் வேண்டவே வேண்டாம். முதுகு தாழ்ந்த, கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலி போதும்.

ஆனால் கருவி வாங்குவதற்கு முன்னால் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன, ஆர்செட்டி என்பார்கள். மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வங்கிகள் நடத்துகின்றன. 1982-ல் கர்நாடக மாநிலம் உஜிரேயில் தொடங்கிய ஒரு முயற்சிதான் இவற்றுக்கு முன்மாதிரி. அழகு நிலையப் பயிற்சியும் அங்கே உண்டு, கட்டணம் கிடையாது. கலெக்டர் ஆபீசில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்திலோ, உங்கள் ஊர் வங்கியிலோ கேட்டால் அடுத்த வகுப்பு எப்போது என்று சொல்வார்கள். பயிற்சி முடிந்ததும் கடை போட்டுவிடாதீர்கள். சொந்தக்காரப் பிள்ளைகள் தலையில் இருபது முப்பது பேருக்காவது வெட்டிப் பழகுங்கள். கை நிதானத்துக்கு வந்த பிறகுதான் காசு வாங்க வேண்டும்.

இன்னொன்று. தலைக்கு டை போடச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. கறுப்பு டைகளில் பெரும்பாலும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கும். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் முகமே வீங்கிவிடும். இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையில் போட வேண்டும். "அவசரம், நாளைக்குக் கல்யாணம்" என்று யார் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவருக்குப் போட்ட சீப்பையும் துண்டையும் கழுவாமல் அடுத்தவருக்குப் போடாதீர்கள். சின்னக் கடை என்றால் அசுத்தமான கடை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறாள். இப்படி ஏழைகளுக்கு ரொக்கப் பணம் கொடுத்தால் என்ன ஆகிறது என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்களாம். அவள் பாடமாகப் படித்ததை அடுப்படியில் நின்றுகொண்டு எனக்குச் சொன்னாள். கேட்கக் கேட்க, இது நம் தெருக் கதைதானே என்று தோன்றியது.

ஆப்பிரிக்காவில் உகாண்டா என்ற நாடு. அதன் வடக்குப் பகுதி பல வருஷம் உள்நாட்டுச் சண்டையில் சீரழிந்தது. 2008-ல் அங்குள்ள இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. கூட்டாகச் சேர்ந்து, என்ன தொழில் கற்கப் போகிறோம், என்ன கருவி வாங்கப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்வானவர்களுக்கு, ஆளுக்குச் சராசரியாக 382 டாலர், நம் கணக்கில் அன்றைக்கு ஏறக்குறைய பதினாறாயிரம் ரூபாய், ஒரே தடவையில் கொடுத்தார்கள். கொடுத்த பிறகு யாரும் பின்னாலேயே போய் மேற்பார்வை பார்க்கவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட தொழில்கள் என்னென்ன தெரியுமா? தையல், தச்சு, முடி அலங்காரம்! நாலு வருஷம் கழித்துப் பார்த்தபோது, பணம் கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 38 சதவீதம் அதிகமாக இருந்தது. குடித்துத் தீர்ப்பார்கள், ஊதாரித்தனம் பண்ணுவார்கள் என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அடுத்து, நம் பக்கத்து இலங்கை. சுனாமிக்குப் பிறகு, 2005-ல், தெற்கு மற்றும் தென்மேற்குக் கரையோரச் சிறு தொழில் செய்தவர்களில் சிலருக்கு, அந்த நாட்டுப் பணத்தில் 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குப் பணமாக, சிலருக்குப் பொருளாக. ஆண்களின் தொழிலில் லாபம் நன்றாகக் கூடியது. பெண்களின் தொழிலில், சராசரியாகப் பார்த்தால், கூடவே இல்லை!

"பார்த்தியா, பொம்பளைக்குத் தொழில் தெரியாதுன்னு சொன்னேனே" என்று சிரிக்கிற ஆண்கள் கொஞ்சம் பொறுங்கள். 2019-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் இதே கணக்கை எடுத்து, இந்தியா, கானா நாட்டுக் கணக்குகளையும் சேர்த்து, வீடு வீடாகப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த வீட்டில் பெண்ணின் தொழில் ஒன்றுதான் தொழில் என்றால், அவள் லாபம் கூடியிருந்தது. கணவரும் ஒரு தொழில் நடத்துகிற வீட்டில்தான் பெண்ணின் தொழில் வளரவில்லை. பெண் பேருக்கு வந்த பணம், கணவரின் தொழிலுக்குள் போயிருந்தது. அவ்வளவுதான் ரகசியம்! அவளுக்குத் திறமை இல்லாமல் போகவில்லை. பணம் அவள் கையில் தங்கவில்லை.

கானாவில் ஆக்ரா, டெமா என்ற நகரங்களில், 2008-லிருந்து 2010 வரை இன்னொன்று செய்து பார்த்தார்கள். சிறு தொழில் நடத்துகிற சிலருக்கு 150 செடி என்ற அந்த நாட்டுப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு அதே தொகைக்குத் தொழிலுக்கு வேண்டிய பொருளாக வாங்கிக் கொடுத்தார்கள். ரொக்கமாக வாங்கிய பெண்களின் லாபம் நகரவில்லை. பொருளாக வாங்கியவர்களில், ஓரளவு நடந்துகொண்டிருந்த கடைக்காரப் பெண்களின் லாபம் கூடியது. மிகவும் நலிந்த நிலையில் இருந்த பெண்களுக்கு எப்படிக் கொடுத்தும் பெரிதாகப் பயனில்லை.

தோழியரே, இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. ரொக்கம் என்றால் பீரோவைத் திறந்து யாரும் கேட்கலாம். "தம்பி பைக் டியூ கட்டணும், அடுத்த வாரம் தந்துடறேன்" என்று கேட்டால் நாமும் கொடுத்துவிடுவோம். கத்தரிக்கோலையும் ஹேர் டிரையரையும் யார் கேட்பார்கள்? பணம் கருவியாக மாறிவிட்டால் அது பாதி காப்பாற்றப்பட்டுவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு பெண். உரிமைத் தொகையைத் தொடாமல் பத்து மாதம் சேர்த்தாள். நன்றாக முடி வெட்டுவாள், என்னிடம்தான் பழகினாள். கண்ணாடியும் கருவியும் வாங்க மதுரைக்குப் போகிற வாரம், கணவரின் டூவீலர் பட்டறைக்கு ஏர் கம்ப்ரஸர் ரிப்பேர். "உன் கடை எங்க ஓடப் போகுது, இது ஓடுற கடை. ரெண்டு மாசத்துல திருப்பித் தர்றேன்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பொய் சொல்லவும் இல்லை. ரெண்டு மாதத்தில் தரத்தான் நினைத்தார். ஆனால் பட்டறை என்றால் அடுத்தடுத்து ஒன்று வரத்தானே செய்யும். பணம் திரும்பவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை, சண்டை என்றால் மாமியார் தலையிடுவார், எதுக்கு வம்பு என்று விட்டுவிட்டாள்.

மறு வருஷம் அவள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. சேர்த்து வைக்கவே இல்லை! ஒவ்வொரு மாதமும் ஒரு பொருள் வாங்கினாள். ஒரு மாதம் கத்தரிக்கோல், அடுத்த மாதம் துண்டும் சீப்பும், பிறகு கண்ணாடி. டிரையர் விலை அதிகம் என்று இரண்டு மாதத் தொகையைக் கடைக்காரரிடமே கட்டி வைத்தாள். இன்றைக்கு வாரத்துக்கு ஐந்து நாள் வேலை பார்க்கிறாள். நாளைக்கு மூன்று பேர், ஆளுக்கு 60 ரூபாய் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் வாரம் 900, மாதம் 3,600 ரூபாய். சாமான், கரண்ட் என்று 600 கழித்தாலும் கையில் மூவாயிரம் நிற்கும். ஆயிரம் ரூபாயை வைத்து என்ன செய்ய என்றார்களே, அது மூவாயிரமாகி நிற்கிறது.

மத்திய அரசு 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்திலும் 18 தொழில்களில் முடி திருத்தும் தொழில் ஒன்று. அதில் கருவி வாங்க 15,000 ரூபாயை, கருவிக்கு மட்டுமே செல்லுபடியாகிற சீட்டாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள். பரம்பரைத் தொழிலைப் பிள்ளைகள் மேலேயே சுமத்தும் என்ற ஆட்சேபத்தால் தமிழக அரசு 2024-ல் அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனாலும் கருவியாகவே கொடுக்கும் அந்த முறை நம் பெண்களுக்கு ஏற்றது என்பது என் எண்ணம்.

கருவி வந்தாகிவிட்டது. அடுத்த கண்டம் உறவுக்காரர்கள்! "என்ன மதினி, எங்கிட்டப் போயி காசு கேக்குறீங்க? நாமெல்லாம் ஒரே வீடு மாதிரி" என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு மதினி, மூணு சித்தி வந்தால், அன்றைய பிழைப்பு போச்சு. இதே உறவுக்காரர் மளிகைக் கடை வைத்திருந்தால் நமக்குச் சும்மா பருப்பு கொடுப்பாரா? ஆண் ஒருவர் எலெக்ட்ரீஷியனாக இருந்தால், வயரிங் செய்துவிட்டுக் கூலி வாங்காமலா போகிறார்? பெண் செய்கிற வேலை என்றால் மட்டும் அது கைவேலை, பொழுதுபோக்கு. ஒரு அட்டையில் கட்டண விவரம் எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். வாய் கேட்கக் கூசினாலும் அட்டை கேட்கும். நெருங்கிய உறவுக்குப் பத்து ரூபாய் குறையுங்கள், போதும்.

"நல்ல குடும்பத்துப் பொண்ணு, மத்தவங்க தலைமுடியைத் தொட்டு வெட்டுறதா?" என்று இன்னொரு குரல் வரும். இதற்குள் ஒளிந்திருப்பது சாதி. தலைமுறை தலைமுறையாக ஊரார் தலையைத் திருத்தியவர்களையும், ஆஸ்பத்திரி இல்லாத காலத்தில் ஊருக்கே பிரசவம் பார்த்த அவர்கள் வீட்டுப் பெண்களையும், கொல்லைப்புறமாக வரச் சொன்ன ஊர்தான் இது. அதே வேலைக்கு பியூட்டி பார்லர் என்று பேர் வைத்தால், அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு காத்திருக்கிறோம். வேலையில் இழிவு இருந்ததே இல்லை. பார்த்த கண்ணில்தான் இருந்தது. நாம் இந்தத் தொழிலுக்கு வந்தால், நம் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதே துண்டு, அதே சீப்பு, அதே கட்டணம் என்று இருக்க வேண்டும். இதில் பேதம் பார்க்கிறவர்கள் இந்தத் தொழிலுக்கு வரவே வேண்டாம்.

கடன் வாங்கிப் பெரிதாகவே தொடங்கினால் என்ன என்று சிலர் கேட்கலாம். 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா திட்டத்தில், சிசு என்ற முதல் பிரிவில் 50,000 ரூபாய் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் கடன் என்று வந்தது. மகளிர் குழுக் கடனும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் முதல் கத்தரிக்கோலைக் கடனில் வாங்காதீர்கள் என்பேன். இந்தத் தொழிலில் முதல் ஆறு மாதம் ஆளே வராமல் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். தவணைத் தேதி அதற்காகக் காத்திருக்காது. திருப்பிக் கட்ட வேண்டாத பணத்தின் பெருமையே இதுதான். ஆள் வராத மாதத்தில் யாரும் வாசலில் வந்து நின்று கத்த மாட்டார்கள். வாடிக்கை பிடித்த பிறகு, தினக் கணக்கு நோட்டில் எழுதி, மாதம் எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்த பிறகு, நாற்காலிக்கோ தனி அறைக்கோ கடன் வாங்குங்கள்.

"தெருவுக்கு ஒரு பார்லர் வந்தால் யாருக்கு யார் முடி வெட்டுவது?" என்று கேட்பதும் நியாயம். எல்லோரும் இதையே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கை நிதானமும் பேச்சில் இனிமையும் உள்ளவர்களுக்குத்தான் இது. பணம் கொடுத்துவிட்டால் ஏழ்மை பறந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். அந்த உகாண்டாக் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. ஒன்பது வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். பணம் கிடைக்காதவர்களும் அதற்குள் எப்படியோ முட்டி மோதி, வருமானத்தில் இவர்களைப் பிடித்துவிட்டிருந்தார்கள். தொழில் கருவிகளும் கைத்தொழிலும்தான் முன்னால் வாங்கியவர்களிடம் கூடுதலாக நின்றிருந்தன.

"அப்போ அந்தப் பணம் வேஸ்ட்டா?" என்று மகளிடம் கேட்டேன். "நீயே யோசிச்சுப் பாரும்மா" என்றாள். யோசித்துப் பார்த்தேன். மற்றவர்கள் ஒன்பது வருஷத்தில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு இவர்கள் நாலே வருஷத்தில் போயிருக்கிறார்கள். நடுவில் உள்ள வருஷங்கள் சும்மாவா? ஆறாவது படிக்கிற பிள்ளை பத்தாவது முடிக்கிற காலம் அது. அந்தக் காலத்தில் பீஸ் கட்ட முடிந்தால் படிப்பு நிற்காது. பிள்ளை படிப்பை நிறுத்தி வேலைக்குப் போன பிறகு அம்மா கையில் எவ்வளவு பணம் சேர்ந்தாலும், போன படிப்பு திரும்பி வராது.

அதனால் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, அரசுக்கு. மாதாமாதம் வாங்குவதா, தொழில் தொடங்க விரும்பினால் ஒரு வருடத் தொகையை ஒரே தடவையில் வாங்குவதா என்று அந்தந்தப் பெண்ணையே முடிவு செய்யவிடுங்கள். கென்யாவில் இப்படிப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தபோது, மாதாமாதம் வாங்கிய வீடுகளில் சாப்பாட்டுக் கஷ்டம் குறைந்தது. மொத்தமாக வாங்கிய வீடுகளில் நாளாவட்டத்தில் நிற்கிற பொருளாக மாறியது. இரண்டும் தேவைதான். எது தன் வீட்டுக்கு வேண்டும் என்று அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாதா? மொத்தமாகக் கேட்கிறவர்களுக்குப் பயிற்சியும் கருவிச் சீட்டுமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, வீட்டில் உள்ளவர்களுக்கு. மனைவி பேரில், மருமகள் பேரில் வந்த பணத்தை ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், கேட்காமல் இருங்கள். அதற்காகச் செலவுப் பணத்திலும் கை வைக்காதீர்கள். அவள் கடையில் வருகிற காசும் கடைசியில் உங்கள் வீட்டுக்குத்தான் வரப் போகிறது. விதை நெல்லைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த போகத்துக்கு வயலைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் என்ன லாபம்?

தோழியரே, நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொழிலுக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். கடைக் காசை அதில் போட்டு, உங்களுக்கென்று மாதம் ஒரு கூலியை மட்டும் எடுத்து வீட்டுக்குக் கொடுங்கள். "கடைப் பணம் கடைக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுங்கள். முதல் தடவை சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கும். மூன்றாவது தடவை கேட்கிறவர்களுக்கே பழகிவிடும்.

— ஒரு வாசகி, தேனி மாவட்டம்.